ஷர்மிக்கு ஐம்பத்தெட்டு

ஷர்மிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்கும். எனக்குக் கேட்காது. அவள் என் மடியில் இருக்கிற புத்தகத்தில் வருகிற பதினைந்து வயதுப் பெண். நான் தில்லைநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அறுபத்திரண்டு வயதுக்காரி. எதிரே சாத்தின கதவு. கதவுக்குப் பின்னால் என் மகன் முகிலனும் மருமகள் ஹேமாவும் டாக்டரம்மாவோடு என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். "நீ இங்கேயே உட்காரும்மா, உள்ள ஏசி ஜாஸ்தியா இருக்கும், ரிப்போர்ட்ட மட்டும் வாங்கிட்டு வந்துடறோம்" என்றான் முகிலன். ரிப்போர்ட்டை வாங்க எதற்கு இரண்டு பேர்? ஏசிக்குப் பயந்து நான் என்றைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன்? போன வாரம் ஊசியை விட்டுத் துளி சதை எடுத்தார்களே, அது நல்ல கட்டியா கெட்ட கட்டியா என்று இன்றைக்குத் தெரியும் என்றார்கள். இந்நேரம் தெரிந்திருக்கும். உலகத்தில் மூன்று பேருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, கட்டி மட்டும் என்னுடையது. பயமாக இருக்கிறது. எழுத்தாளர்கள் எழுதுகிற மாதிரி அடிவயிற்றில் ஒன்றும் உருளவில்லை. வாய் உலர்ந்துபோய் நாக்கு பல்லில் ஒட்டிக்கொள்கிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், அவ்வளவுதான். 'ஷர்மி கண்களை மூடினாள். சுவர் கரைந்தது.' சுவர் எப்படியப்பா கரையும், கேட்பது காது அல்லவா? பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். பயத்திலும் கோடு போடுகிற கையை என்ன சொல்வது. முப்பது வருஷம் சிறுவர் பத்திரிகையில் மற்றவர்கள் எழுதினதைத் திருத்தித் திருத்தி, கைக்கு அதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

இதை நான் இன்றைக்கே முடித்தாக வேண்டும். 'கலங்கரை ஐவர்', மொத்தம் ஆறு பாகம், கையில் இருப்பது ஆறாவது. கடலோர ஊரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் மழைக்கு ஒதுங்கிப் பாழடைந்த கலங்கரை விளக்கத்துக்குள் போகிறார்கள், இடி விழுகிறது, ஆளுக்கொரு சக்தி வந்துவிடுகிறது. ஒருவன் தண்ணீர்மேல் ஓடுகிறான், ஒருத்தி இரும்பை வளைக்கிறாள், ஷர்மிக்குச் சுவர் தாண்டிக் கேட்கிறது. சுரங்கத்துக்குள் விழுவார்கள், கப்பலைப் பிடிப்பார்கள், வில்லனிடம் மாட்டுவார்கள், ஒருத்தருக்கும் பயம் என்பதே கிடையாது. எனக்கு முதல் பாகத்திலேயே எரிச்சல் வந்துவிட்டது. பதினைந்து வயதில் பயம் இல்லாமலா? கணக்குப் பரீட்சைக்குப் பயம், முகத்தில் பரு வந்தால் பயம், அப்பா போனை எடுத்துப் பார்த்துவிடுவாரோ என்று பயம். ஆனால் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கிறார்கள், எழுதின பையன் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு பாகம் போடுகிறான், வாசகர் வட்டம் இளையோர் நாவல் பரிசுக்கு அதை எடுத்திருக்கிறது. நடுவர்கள் மூன்று பேர், நான் மூன்றாவது. ஒருத்தர் தொண்ணூறு போட்டிருக்கிறார், இன்னொருத்தர் நாற்பது. இருவரும் ஜென்ம விரோதிகள், ஒருத்தர் நல்லது என்றதை மற்றவர் நல்லது என்று சொல்லிவிட்டால் வானம் இடிந்துவிடும். ஆகவே நான் போடுவதுதான் முடிவு. அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும், மத்தியானத்துக்குள் சொல்லுங்கள் என்று வட்டத்துச் செயலாளர் செல்லத்துரை காலையிலிருந்து அரித்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்பத்திரி என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எந்த ஆஸ்பத்திரி என்பார், எதற்கு என்பார், எதற்கு என்று நான் எந்த வார்த்தையில் சொல்ல?

வார்த்தைதான் சிக்கல். மார்பு. வயதுக்கு வந்த நாளிலிருந்து முந்தானைக்குள் இழுத்து இழுத்து மூடின வார்த்தை. குளிக்கும்போது இடது பக்கம் கையில் தட்டுப்பட்டது, பட்டாணி அளவு. இரண்டு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. ஹேமாவிடம் சொன்னபோதுகூட "இந்த இடத்துல" என்று கையைக் காட்டினேன், அவள் முகிலனிடம் "அத்தைக்கு அந்த இடத்துல" என்று சொல்லியிருப்பாள், அவன் காது சிவந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு "கட்டி" என்றான். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது வெறும் கட்டி. எங்கே என்று இல்லாத கட்டி. அவன் குடித்த பால்தான், ஒன்றேகால் வயதுவரை விடாமல் குடித்தான். இப்போது அந்தப் பேரைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஊசி போட்ட இடத்தில் ஒட்டின பிளாஸ்திரி அரிக்கிறது. நாலு பேர் நடுவில் உட்கார்ந்து சொறிந்துகொள்ள முடியாது. காவலாளி "செருப்ப வெளிய விடுங்க, செருப்ப வெளிய விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். சத்தத்தை அணைத்த டிவியில் ஒரு பெண் எதையோ தாளித்துக்கொண்டிருக்கிறாள். பினாயில் வாசனையோடு யாரோ பிரித்த இட்லிப் பொட்டலத்தின் வாசனை. இரண்டும் சேர்ந்து குமட்டுகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை. டாக்டர் நல்ல செய்தியைச் சொல்வதென்றால் எவ்வளவு நேரமாகும்? ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லக் காபி ஆறுகிற நேரம்கூட வேண்டாம். கெட்ட செய்திக்குத்தான் நேரம் வேண்டும். எப்போது ஆபரேஷன், எங்கே காட்டலாம், எவ்வளவு நாள், இது எல்லாம் கேட்க வேண்டும், நடுவில் அழ வேண்டும், கண்ணைத் துடைக்க வேண்டும், வெளியே இருக்கிற கிழவிக்கு என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும். அதுதான் நம் ஊர் வழக்கம். நோய் வந்தவரிடம் சொல்லமாட்டார்கள், கூட வந்தவரிடம் சொல்வார்கள். கூட வந்தவர் சிரித்துக்கொண்டே வெளியே வருவார். அதை அன்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

எங்கள் பத்திரிகையில் ஞானசேகர் என்று ஓவியர் இருந்தார். சித்திரக்கதை போடுவதில் மன்னன், சொன்ன தேதிக்குப் படம் கொடுத்ததே கிடையாது. அவருக்கு வயிற்றில் வந்தது. வீட்டில் வாயுத்தொல்லை என்று சொல்லி வைத்திருந்தார்கள், ஆபீஸில் பியூனிலிருந்து எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஆசிரியர் யாரையும் ஒருநாள் தாமதத்துக்குக்கூட விட்டுவைக்காதவர். அவர் போய் "மெதுவாக் குடுங்க சார், என்ன அவசரம்" என்றார். நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஞானசேகர் தலையைத் தூக்கி ஆசிரியரை ஒரு நொடி பார்த்துவிட்டு, மறுபடி தூரிகையை நனைத்தார். அந்த ஒரு நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கேட்காமல் வருகிற கனிவு கெட்ட சகுனம். நேற்று ராத்திரி முகிலன் சப்போட்டா வாங்கி வந்தான், கேட்காமல். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் வெந்நீர் போட்டு வைத்திருந்தான். ஹேமா என்னோடு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி ஐந்து நாளாகிறது. ரசத்தில் உப்பு கூட என்றேன், "ஆமாத்தை, என் தப்புதான்" என்றாள். ஹேமாவா? உப்புக்கும் புளிக்கும் என்னோடு மல்லுக்கு நிற்கிறவள், அவளோடு சண்டை போட்டுத்தான் இந்த வீட்டில் எனக்கு மத்தியானமே கழிகிறது. அப்படியென்றால் ரிப்போர்ட் நேற்றே போனில் வந்துவிட்டதா? இல்லை, நானே கதை கட்டுகிறேன். ஐந்து நாளாக அவர்களுக்கும் என்னைப் போலப் பயம், பயந்தவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படியும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும்.

படி. படித்தால் நேரம் போகும். ஷர்மி இப்போது வில்லனுடைய கோட்டைக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே பேசுவதெல்லாம் அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது, வெடிகுண்டு எங்கே, நேரம் என்ன, கம்பியின் நிறம் என்ன. வில்லன்கள் பாவம், எல்லாவற்றையும் அவளுக்கு வசதியாக உரக்கப் பேசிக்கொள்கிறார்கள். பொய் உரையாடல். எனக்கு ஒரு வழக்கம் உண்டு, உரையாடல் வந்தால் சத்தம் வராமல் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்ப்பேன். மனிதர்கள் பேசினதா, எழுத்தாளன் பேச வைத்ததா என்று உதட்டுக்குத் தெரிந்துவிடும். நிஜத்தில் நெஞ்சு அடைத்திருக்கிறவர்கள் வாக்கியத்தை முடிக்கமாட்டார்கள், சம்பந்தமில்லாமல் எதையாவது சொல்வார்கள், சாப்பிட்டாயா என்பார்கள். நாலாம் பாகத்தில் ஓர் இடம் வந்தது. ஷர்மி ராத்திரி படுத்திருக்கிறாள், அடுத்த அறையில் அம்மா அப்பாவிடம் "பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க" என்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, எழுந்து உட்கார்ந்தேன், பையன் கடைசியில் எழுத்தாளனாகிவிட்டான் என்று. பக்கத்தைத் திருப்பினால் துறைமுகத்தில் குண்டு வெடிக்கிறது, ஐந்து பேரும் ஓடுகிறார்கள், அம்மா என்ன சொல்ல வந்தாள் என்பது அப்புறம் ஐந்தாம் பாகத்திலும் இல்லை, இதுவரை ஆறிலும் இல்லை. மறந்துவிட்டானா, பயந்துவிட்டானா? பயந்திருப்பான். நானாக இருந்தால் குண்டை விட்டுவிட்டு அந்தச் சுவர் பக்கம் போயிருப்பேன் என்று அன்றைக்கு ஓரத்தில் எழுதினேன். இப்போது சுவர் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுவர் பக்கம் உட்கார்ந்தால் ஒன்றும் எழுத வராது.

ஆனால் ஒரு பக்கம் நன்றாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். ஷர்மி பஸ் ஸ்டாண்டில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு உட்கார்ந்து அழுகிறாள். ஊரில் இருக்கிற ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் யாரோ யாரிடமோ பொய் சொல்வது அவளுக்குக் கேட்கிறது. அந்த ஒரு பக்கத்துக்காக எவ்வளவு போடலாம்? மனசில் இருந்த எண் ஐம்பத்தெட்டு. நேற்றே முடிவு செய்தது. இரண்டு நடுவர்களாவது அறுபது போடாவிட்டால் பரிசு இல்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். ஆனால் கதவு திறக்காமல் இருக்க இருக்க எனக்குள் ஒரு மானங்கெட்ட பேரம் ஆரம்பித்துவிட்டது. முருகா, ரிப்போர்ட் நல்லதாக வரட்டும், நான் எழுபது போடுகிறேன். எழுபத்தைந்து. அந்தப் பையனுக்கும் ஓர் அம்மா இருப்பாள், சந்தோஷப்படுவாள், அந்தப் புண்ணியத்தில் கொஞ்சம் எனக்கு வரட்டும். எண்பது முருகா. வயலூருக்கு வந்து முடி கொடுக்கிறேன் என்றால் அது என் முடி, கொடுக்கலாம். மதிப்பெண் யார் வீட்டுச் சொத்து? இத்தனை வருஷத்தில் சொந்தக்காரர் கதை என்று ஒரு வரியைப் போட்டதில்லை, மந்திரி மச்சினன் கதையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், இப்போது ஒரு பட்டாணிக்காக முருகனுக்கே லஞ்சம் பேசுகிறேன். பேசினால் என்ன? உயிர் அல்லவா? எண்பத்தைந்து. இன்னும் கொஞ்ச நாள் ஹேமாவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். தொண்ணூறு. மடியில் போன் அதிர்ந்தது. செல்லத்துரை.

"வத்சலாம்மா, தொந்தரவு பண்றேன்னு நெனைக்காதீங்க. அச்சாபீஸ்ல ஆள் உக்காந்திருக்காரு."

"இன்னும் கடைசி அத்தியாயம் இருக்கு சார்."

"கடைசில என்ன இருக்கப்போவுது, ஜெயிப்பாங்க. ஒரு நம்பர் சொல்லுங்க போதும். என்னமோ மாதிரி பேசறீங்களே, சளியா?"

"ஆமா, சளி."

"மஞ்சள் போட்டுப் பால் குடிங்க. சரி, சொல்லுங்க, எவ்ளோ போட்டுக்கட்டும்?"

தொண்ணூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக. அப்போது கதவுக்குப் பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது, எழுந்திருக்கிறார்கள், வரப்போகிறார்கள், சீக்கிரம் சொல், அவர்கள் வெளியே வருவதற்குள் நல்ல எண்ணாகச் சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "ஐம்பத்தெட்டு" என்றேன்.

"ஐம்பத்தெட்டா? அப்போ பரிசு இல்லைங்களே. இன்னொரு தடவ யோசிச்சு..."

"யோசிச்சுதான் சொல்றேன். அந்தப் பையன்கிட்ட சொல்லுங்க, பஸ் ஸ்டாண்ட் பக்கம் நல்லா இருக்குன்னு. அவனுக்கு எழுத வரும், பயந்த இடத்துல எல்லாம் குண்டு வச்சு ஓடிடறான்னு சொல்லுங்க."

வைத்துவிட்டேன். என்ன செய்துவிட்டேன்? நேர்ந்துகொண்டு, நேர்ந்த வாய் மூடுவதற்குள் மீறியிருக்கிறேன். திரும்பக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் சார், எண்பத்தைந்து என்று சொல்லலாம், இன்னும் நேரம் இருக்கிறது, போனைக் கையில் எடுத்தேன், விரல் வழுக்கியது, ஈரம். எந்தச் சாமி மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டியைக் கரைக்கும், உனக்கு என்ன பைத்தியமா வத்சலா, அதற்குள் இருப்பது போன வாரமே இருந்தது, நீ முப்பது போட்டாலும் நூறு போட்டாலும் அது அதுதான். தெரிகிறது. தெரிந்தும் விரல் அவர் பேரைத் தேடுகிறது. அந்த நேரத்தில் கதவு திறந்தது.

முகிலன் முன்னால் வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான். ஹேமா முகம் கழுவியிருந்தாள், காதோரம் முடி நனைந்து ஒட்டியிருந்தது. ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் முகம் கழுவுவானேன்?

"ஒண்ணும் பயப்படறதுக்கு இல்லம்மா. சின்னக் கட்டிதான். எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றான் முகிலன்.

"ஆமாத்தை. சின்னக் கட்டிதான். எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றாள் ஹேமா.

என் உதடு தானாக அசைந்து அதைச் சொல்லிப் பார்த்தது. முகிலன் பிறந்ததிலிருந்து கலங்கின நேரத்தில் ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததில்லை. பாதியில் "அதாம்மா, அது" என்று விட்டுவிட்டுப் போய்விடுவான், மீதியை நான்தான் முடிப்பேன். இன்றைக்கு மூன்று வாக்கியம், மூன்றும் முழுசு, கமா மாறாமல் அதையே அவளும் சொல்கிறாள். உள்ளே உட்கார்ந்து சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் இதற்குத்தானா? நம்பிவிடலாம். நம்புகிறேன் என்று தலையாட்டினால் போதும், மூன்று பேரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகலாம், ஹேமா ரசம் வைப்பாள், உப்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

"என்ன மாதிரி கட்டின்னாங்க?" என்று கேட்டேன்.

"கொழுப்புக் கட்டி" என்றான் முகிலன்.

"நீர்க்கட்டி" என்றாள் ஹேமா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் வசனத்தைத்தான் ஒத்திகை பார்த்திருந்தார்கள், கிழவி இரண்டாவது கேள்வி கேட்பாள் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை, என் பிள்ளைகள். முகிலனின் சிரிப்பு போக இடம் தெரியாமல் அப்படியே முகத்தில் நின்றது. எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலவும் இருந்தது. "அம்மா, அது வந்து, டாக்டர் என்ன சொன்னாங்கன்னா" என்று ஆரம்பித்து விட்டுவிட்டான். இதுதான் அவன் பேச்சு. இப்போதுதான் நிஜம் பேசினான். நான் எழுந்தேன். புத்தகம் மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை. "எங்கம்மா போற, அவங்க அடுத்த பேஷண்ட்டைப் பார்க்கணும்மா" என்று முழங்கையைப் பிடித்தான். "பேஷண்ட்டே நான்தான்டா" என்றேன். வாசலில் நின்ற நர்ஸ் "உங்க பேரு முடிஞ்சிருச்சும்மா, உங்க பையன்கிட்ட எல்லாம் சொல்லியாச்சு" என்றாள். என் பேர் முடிந்துவிட்டதாம். அவளைத் தாண்டிக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஏசி ஜாஸ்தியாக ஒன்றும் இல்லை. டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் வந்து நின்ற முகிலனைப் பார்த்தார், சொல்லலாமா என்று கண்ணாலேயே அவனைக் கேட்டார். அவன் என்ன ஜாடை காட்டினான் என்று திரும்பிப் பார்க்கவில்லை. "அவனைப் பார்க்காதீங்க டாக்டர். என்னைப் பாருங்க. என் மார்புல என்ன இருக்கு?" என்றேன். கடைசியில் அந்த வார்த்தை வந்துவிட்டது. பின்னால் ஹேமா மூக்கை உறிஞ்சினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் கேட்டாக வேண்டும், இப்போதுகூட ஓடிவிடலாம் என்று மனசு சொன்னது. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தேன். இவ்வளவு பயத்தை நான் பிரசவத்தில்கூடப் பட்டதில்லை. "புற்றுநோய்தாம்மா" என்றார் டாக்டரம்மா.

முகிலன் சின்னப்பிள்ளை மாதிரி விக்கினான். நான் கையை மட்டும் பின்னால் நீட்டினேன், வந்து பிடித்துக்கொண்டான்.

"ம்" என்றேன். "மேல சொல்லுங்க."